கண்ணிவெடிமேல் நின்ற கதாநாயகன்

மாலை ஆறு மணி இருபது நிமிடம். தியேட்டர் வாசலில் நான் முதலில் பார்த்தது போலீஸ் வேனை. சன்னல்களுக்குக் கம்பிவலை அடித்த நீல வேன். அதன் படியில் உட்கார்ந்து ஒரு கான்ஸ்டபிள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கப் போஸ்டர். அதில் கதாநாயகனின் முகம் இல்லை. பூட்ஸ் போட்ட ஒரு கால், அதன் கீழே பாளம் பாளமாகப் பிளந்த வறண்ட மண், அவ்வளவுதான்.

பெங்களூரில் என் வயதில் வளர்ந்தவர்களுக்கு அந்த வேன் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. காவிரித் தகராறு முற்றும்போது முதலில் நிற்பது தமிழ்ப் படம். எல்லாம் அடங்கிய பிறகு கடைசியாகத் திரும்பி வருவதும் அதுதான். 2002இலும் கேபிளில் தமிழ்ச் சேனல்கள் கொஞ்ச நாள் காணாமல் போயின. மர்பி டவுன் மார்க்கெட் சுவரில் இருந்த சினிமா போஸ்டர்களில் யாரோ தார் பூசியிருந்தார்கள். நடிகைகளின் கண்கள் மட்டும் தப்பித்து நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துத் தியேட்டரில் போட்ட முதல் தமிழ்ப் படம் இது. போர்ப் படம். அதிலும் கண்ணிவெடி எடுப்பவர்களைப் பற்றிய படம்.

எங்கள் தெருவில் இது சின்னச் செய்தி அல்ல. ஏரிக்கு அந்தப் பக்கத்து ராணுவ மையத்தில் சேர்ந்து, பாலம் கட்டுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது ஆகிய வேலைகளுக்குப் போனவர்கள் எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். போர்ப் படங்களில் அவர்கள் வருவதே இல்லை. துப்பாக்கிக்காரன் வருவான், விமானம் ஓட்டுபவன் வருவான். எல்லோருக்கும் முன்னால் வயிற்றால் ஊர்ந்து போகிறவனை யாரும் காட்டியதில்லை.

என் மாமா அப்படி ஊர்ந்து போகிறவர். அம்மாவுக்கு ஒரே தம்பி. சின்ன வயதில் தாயை இழந்தவரை அம்மாதான் வளர்த்தாள். அந்த வருஷம் முழுக்க இரண்டு நாட்டுப் படைகளும் எல்லையில் எதிரெதிரே நின்றன. நம் பக்கத்து வயல்களில் கண்ணிவெடிகளைப் புதைத்தார்கள். பிறகு படைகள் திரும்பத் தொடங்கின. புதைத்ததை எடுத்தால்தான் விவசாயிகள் வயலுக்குள் இறங்க முடியும். மாமா புதைக்கப் போனவர்களில் ஒருவர். எடுக்கப் போக வேண்டியவர்களிலும் ஒருவர். இரண்டுக்கும் நடுவில் லீவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

வீட்டில் ஒரு கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. மாமாவுக்குப் பென்ஷன் கிடைக்கும் அளவுக்கு சர்வீஸ் முடிந்திருந்தது. லீவு முடிவதற்குள் வெளியே வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் எல்லைக்குத் திரும்ப வேண்டாம். எழுதிக் கொடுக்காவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம், ஹவில்தார் ஆகலாம். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் இழுப்பு. ஹவில்தார் என்றால் நல்ல இடத்தில் பெண் கொடுப்பார்கள்; ஜீவனஹள்ளியில் ஒரு வீட்டை அவள் மனதில் வைத்திருந்தாள். மாமாவுக்கு அப்போது முப்பத்துநாலு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் டிவியில் எல்லைச் செய்தி வந்தால் அவள் எழுந்து போய் அடுப்பில் இல்லாத பாலைப் பார்ப்பாள். "யோசிச்சுச் சொல்றேன்டா" என்றே நாள்களைத் தள்ளினாள். மாமாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா சொன்னால் அதுதான் முடிவு. அவர் பள்ளிக்கூடத்தை விட்டதும் பட்டாளத்தில் சேர்ந்ததும் அப்படித்தான்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மாமா லீவில் வந்தால் என்னென்ன கொண்டுவருவார் என்பது மனப்பாடம்: கேன்டீன் சோப்பு, முந்திரி, ஒரு கறுப்புப் போர்வை. இந்த முறை வேறு சிலவற்றையும் கவனித்தேன். அவர் மண் தரையில் கால் வைப்பதில்லை. மார்க்கெட்டுக்குப் போகக் காலி மைதானத்தின் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. தெருவே அந்த வழியாகத்தான் போகும். மாமா மட்டும் தார் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போவார். ஒரு நாள் பையன்கள் அடித்த பந்து அவர் காலருகே மண்ணில் விழுந்தது. "மாமா, பந்து" என்று கத்தினார்கள். அவர் சிமென்ட் விளிம்பில் நின்றபடி கைகளைக் கட்டிக்கொண்டு அந்தப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு பையன் ஓடி வந்து எடுத்துக்கொண்டு போனான்.

எதிர் வீட்டு ஆட்டோக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். "ஏன் மிலிட்டரி, பூட்ஸ்ல மண்ணு பட்டா மேஜர் திட்டுவாரா?"

"ஆமாண்ணே, திட்டுவாரு" என்றார் மாமா.

மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனபோது, மண்ணில் ஏன் கால் வைப்பதில்லை என்று நானே கேட்டுவிட்டேன்.  மாமா பூட்ஸுக்குப் போட்டுக்கொண்டிருந்த பாலிஷ் டப்பாவை மூடித் தரையில் வைத்தார்.

"இவ்ளோதான் இருக்கும் பாப்பா. இதவிடக் கொஞ்சம் பெருசு. ப்ளாஸ்டிக்கு. மிஷின் வச்சுத் தேடுனாலும் ஒழுங்காக் காட்டாது. கம்பிய வச்சு மண்ண சாய்வாக் குத்திக் குத்திப் பாத்துட்டுப் போவணும்."

"நீங்கதானே வச்சீங்க? எங்க வச்சீங்கன்னு தெரியாதா?"

"வச்ச எடம் தெரியும். இப்ப அது அங்க இருக்காது. மழ பேஞ்சா நவுரும். பெருச்சாளி தள்ளும்."

"மிதிச்சா?"

"மிதிச்சா மிதிச்சதுதான். அந்த செகண்டே. ஐயோன்னு சொல்லக்கூட டைம் இல்ல."

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றார். நான் சரி என்றேன். ஆனால் அவரே மேலும் பேசினார். கொடியில் கிடந்த ஈரப் போர்வையைப் பார்த்துப் பேசியதால் என்னிடம் பேசுவதாகவே தோன்றவில்லை.

"அக்கா ஒரு வார்த்த, போவாதடான்னு சொன்னாப் போதும். நாளைக்கே எழுதிக் குடுத்துடுவேன்."

"நீங்களே சொல்லுங்களேன்."

"நானாச் சொன்னா பயந்துட்டான்னு ஆயிடும்" என்றார். மீண்டும் டப்பாவைத் திறந்து, ஏற்கெனவே பளபளத்த பூட்ஸைத் தேய்க்கத் தொடங்கினார்.

டிக்கெட் வாங்கியதும் அவர்தான். இதை நான் இப்போது புரிந்துகொள்வதுபோல அன்று புரிந்துகொள்ளவில்லை. ஆட்டோக்காரர் முதல் நாளே பார்த்துவிட்டு வந்து, "படம் பூரா கண்ணிவெடிதான் மிலிட்டரி. உன் வேலையேதான். சக்கத்தா, செமையா எடுத்துருக்கான்" என்றார். அன்று சாயங்காலமே மாமா அம்மாவிடம் வந்தார். "அக்கா, ஒரு படம் போலாம். நீ பாக்கணும்." தான் சொல்ல முடியாததைத் திரை சொல்லிவிடும் என்று நினைத்திருக்கிறார். அம்மா படத்துக்குப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்பாவுக்கு அன்று இரண்டாவது ஷிஃப்ட். நாங்கள் மூன்று பேரும் போனோம்.

உள்ளே பாதிதான் கூட்டம். கல் விழும் என்று பயந்து பல பேர் வரவில்லை. பின் வரிசைகள் காலியாக இருந்தன. முன்னால் இருந்த கதவின் பக்கத்தில் உட்காரத்தான் எல்லோருக்கும் ஆசை. பழைய குஷன், பினாயில், யாரோ கொண்டுவந்த மசால் வடை, இவற்றின் வாசனை. விளக்கு அணைந்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் அரை மணி நேரம், இன்று நினைத்தாலும், நன்றாக இருந்தது. பாட்டு இல்லை. ஒரு பாலைவனம், ஆறு பேர், நெடுநேரம் காற்றின் சத்தம் மட்டும். முன்னால் போகிறவன் கம்பியால் மண்ணைக் குத்துகிறான், நகர்கிறான், மறுபடி குத்துகிறான். கம்பி எதிலோ தட்டும் ஓசை வந்தபோது தியேட்டரில் இருமலும் நின்றது. மாமா முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் படத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையை வாயில் அழுத்தியிருந்தாள். அந்த அரை மணி நேரத்தோடு படம் நின்றுபோயிருந்தால் எங்கள் வீட்டுக் கதை வேறு.

அப்புறம் கதாநாயகன் மிதித்தான்.

'க்ளிக்' என்று ஒரு சத்தம். வெடிக்கவில்லை. கதாநாயகன் அப்படியே நின்றான். தோழன் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, "காலை எடுக்காதே! எடுத்தால்தான் வெடிக்கும்!" என்று கத்தினான். நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முன்சீட்டிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு படம் முழுக்க அவன் நின்றான். ஒற்றைக் காலை ஊன்றியபடி ஊட்டியை நினைத்தான். ஊட்டியில் பாட்டு வந்தது. நகைச்சுவை நடிகர் கண்ணிவெடியைப் பார்த்து, மெதுவாகப் பேசு என்றார். எதிரி ஜீப்பில் வந்து வசனம் பேசினான். இவன் நின்ற இடத்திலேயே அதைவிட நீளமாகப் பதில் பேசினான். பூட்ஸுக்கு அடியில் ஒரு சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. கடைசியில் தோழர்கள் பூட்ஸின் நாடாவை அறுத்து, அதன்மேல் ஒரு பாறையை நகர்த்தி, காலை மட்டும் உருவி எடுத்தார்கள். எதிரியின் ஜீப் அந்தப் பாறையில் மோதி வெடித்தது. நம் ஆள்களில் ஒருவருக்கும் கீறல் இல்லை. கொடி ஏறியது. முன்வரிசையில் விசில் அடித்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினாள்.

பிற்காலத்தில் பத்திரிகை வேலையில் எத்தனையோ படங்களுக்கு விமர்சனம் எழுதினேன். பலவற்றை அவற்றின் தகுதிக்கு மேல் திட்டியும் இருக்கிறேன். இதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. கதைக்கான கரு நல்ல கரு. கையில் வைத்திருந்ததைப் படம் எடுத்தவர்களே நம்பவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது வேன் அதே இடத்தில் நின்றது. கான்ஸ்டபிள் மட்டும் மாறியிருந்தார். ஆட்டோக்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார்.

"எப்டி அக்கா படம்? செம இல்ல?"

"நல்லா எடுத்துருக்காங்க" என்றாள் அம்மா. அவள் குரல் அவ்வளவு லேசாக ஒலித்து நான் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. "நான் என்னமோ மிதிச்சா அதோட போச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன். ஆடாம நின்னா ஒண்ணும் ஆவாது போலயே. கூட இருக்கறவங்க வந்து எடுத்து வுட்டுர்றாங்க."

"அப்பறம்? மிலிட்டரின்னா சும்மாவா!" என்று ஆட்டோக்காரர் கிக்கரை இழுத்தார்.

வீட்டில் அம்மா சாம்பாரைச் சூடாக்கி, அப்பளம் பொரித்துப் பரிமாறினாள். தானும் எங்களோடு உட்கார்ந்தாள். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். பிறகு, கரண்டியை வைத்துவிட்டு, பல வாரம் யோசித்ததைச் சொன்னாள்.

"இருந்துட்டு வாடா. ரெண்டு வருஷந்தானே. ஹவில்தாராயிடு, அப்பறம் நம்ம ஜீவனஹள்ளிப் பொண்ணு வீட்ல போய்ப் பேசலாம்."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, படத்துல காட்னது பொய். அப்படி நிக்கல்லாம் முடியாது. மிதிச்ச உடனே வெடிச்சுரும். மாமாதான் சொன்னாங்க."

அம்மா சிரித்தாள். "படம் எடுக்கறவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சா? சும்மா சாப்டு."

"மாமாவையே கேளும்மா!"

அம்மா மாமாவைப் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்திலிருந்து முழுதாகப் போகவில்லை, பாதியில் நின்றது. "நெசமாடா?"

வானொலி பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கன்னடச் செய்தி முடிந்து விளம்பரம் போனது. மாமா அம்மாவின் தட்டைப் பார்த்தார். இரண்டாம் முறை போட்டுக்கொண்ட சோற்றைப் பார்த்தார். அவர் வேண்டியதெல்லாம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆமாம்க்கா என்று ஒரு சொல். அதைச் சொன்னால் அக்கா தடுத்துவிடுவாள். ஆனால் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும், அக்கா மகள் எதிரில் சொல்ல வேண்டும், மறுநாள் ஆட்டோக்காரர் காதுக்கும் அது போகும்.

"பாப்பாகிட்ட சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்க்கா" என்றார். "படத்துல காட்டுனதுதான் கரெக்டு. ஆடாம நிக்கணும். அவ்ளோதான்."

நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா என்னைத் திட்டினாள். மாமா திட்டவில்லை. கை கழுவப் போனவர் குழாயடியில் என் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ சொல்வார் என்று பார்த்தேன். தண்ணீர் போதும் என்று குழாயை மூடினார்.

அவர் புறப்பட்ட அன்று அம்மா எலுமிச்சம்பழம் கட்டிக் கொடுத்தாள். ரயில் நிலையத்தில் பெட்டியின் சன்னல் வழியாக அவள் கடைசியாகச் சொன்ன புத்திமதியை நான் மறக்கவில்லை: "அவசரப்படாத. எதுன்னாலும் நின்னு நிதானமாப் பண்ணு." மாமா தலையை ஆட்டினார். பின்னால் நின்ற ஒரு படைவீரர் எதற்கோ சிரித்தார். ரயில் நகர்ந்தது.

பிறகு மழை வந்தது, பருவம் தப்பிய மழை. பெங்களூரில் பெய்தது, வடக்கே பெய்ததா என்று எனக்குத் தெரியாது. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் பெருச்சாளிகளை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா ஜீவனஹள்ளிக்கு ஒரு முறை போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். மூக்கு கொஞ்சம் பெரிதாம், குணம் தங்கமாம். பொங்கல் கழிந்த வாரத்தில், பள்ளியிலிருந்து வந்தபோது, எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவர் எங்கள் வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றியதே இல்லை. உள்ளே அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போன் அவர் வீட்டுக்குத்தான் வந்திருந்தது.

மாமா இறக்கவில்லை. முதலில் வடக்கே ஒரு ஆஸ்பத்திரி, பிறகு பெங்களூரில் ராணுவ ஆஸ்பத்திரி. இடது கால், முழங்காலுக்குக் கீழே. அம்மாவிடம் அதற்கு மேல் விவரம் யாரும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பார்க்க அனுமதித்த முதல் நாள் அம்மா டிபன் கேரியரில் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டாள். நீளமான வார்டு, இரண்டு பக்கமும் கட்டில்கள். எல்லாக் கட்டில்களிலும் போர்வைக்கு அடியில் கம்பிக் கூண்டு வைத்து உயர்த்தியிருந்தார்கள். துணி உடம்பில் படாதபடி. யாருக்கு எது இருக்கிறது, எது இல்லை என்று வெளியே தெரியாது. டெட்டால் வாசனை. யாரோ டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அழமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் பயந்தால் திட்டுவாள். கட்டிலருகே போய் நின்று, மாமாவின் நெற்றியில் கை வைத்து, ஆரம்பித்தாள்.

"ஏன்டா கால எடுத்த?"

மாமா அவளைப் பார்த்தார்.

"படத்துல அவ்ளோ தெளிவாக் காட்னானே. பாத்துட்டுத்தானே போன? ஆடாம நின்னுருக்கக் கூடாதா? ஆளுங்க வந்து எடுத்துருப்பாங்க இல்ல? என்னடா அவசரம் உனக்கு? சின்ன வயசுலருந்து இதே புத்தி. ஒரு எடத்துல நிக்கவே மாட்ட."

டிரான்சிஸ்டரை யாரோ அணைத்தார்கள்.

"தப்புதான்க்கா" என்றார் மாமா. "பொறும இல்லாமப் போச்சு."

அம்மாவுக்கு அது போதவில்லை. பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினாள். அதில் இருந்தவர் மாமாவைவிட இளையவர்; தமிழ் முகம். "நீங்க கூட இருந்தீங்களா தம்பி? நீங்களாவது சொல்லக் கூடாதா, கால எடுக்காதடான்னு?"

அவர் அம்மாவைப் பார்த்தார், பிறகு மாமாவை. மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னோம்க்கா" என்றார் அவர். "எவ்ளோ சொன்னோம். கேக்கல."

"எப்பவுமே அவசரக்காரன்க்கா இவன்" என்றது எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல். "மெஸ்லகூட இவன்தான் மொதல்ல நிப்பான்." யாரோ சிரித்தார்கள். அம்மாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிட்டாள். "நல்லாச் சொல்லுங்க இவனுக்கு" என்றபடி டிபன் கேரியரைத் திறந்து, மாமாவுக்குக் கொடுத்தது போக மிச்சக் குழம்பைப் பக்கத்துக் கட்டில்காரருக்கும் எதிர் வரிசைக்கும் பங்கிட்டாள். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அம்மா பாத்திரம் கழுவக் குழாய்க்குப் போயிருந்தபோது நர்ஸ் வந்து பக்கத்துக் கட்டிலின் போர்வையை மாற்றினார். அதில் படுத்திருந்தவருக்கு இரண்டு காலும் இல்லை.